கூட்டினாலும் பெருக்கினாலும்

கடத்திக்கொண்டு போனவன் போன் போட்டுக் கணக்குச் சொல்வானா? பம்பரத்துக்கு அதுதான் பிடிபடவில்லை.

"பணம் கேப்பான். போலீஸுக்குப் போனா தொலைச்சுடுவேம்பான். மூணு பிள்ளைங்களுக்கு என்ன வயசுன்னு கேக்கறவன் என்ன கடத்தல்காரன் அண்ணி? வாத்தியார் வேலை போன கடுப்புல கிளம்பினவனா இருக்கும்."

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு உக்காரு."

"உக்காந்தா வாய் தானாத் திறந்துக்குது."

ஆகவே அவன் நடந்தான். தையல்கடை மாடியில் இருந்த அந்த ஒற்றை அறையில் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தான். கீழே தையல் மிஷின்கள் தடதடத்தன. ஓரிடத்தில் நிற்காததால்தான் வீட்டில் அவனுக்கு அந்தப் பெயர். எந்த வேலையிலும் ஒட்டாத தம்பியை அண்ணன் கடைசியில் தன் மனைவியிடமே தள்ளிவிட்டிருந்தான். அவள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துப் பேர் வாங்கியவள். பிறகு தனியாகத் துப்பறியும் அலுவலகம் போட்டுவிட்டாள். ஊருக்கு அவள் மேடம். பம்பரத்துக்கு அண்ணியும் அவளே, முதலாளியும் அவளே.

எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள் ஒரு பெண். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். மடியில் நீல நிறக் குளிர்பை. உள்ளே அவள் அப்பாவின் இன்சுலின்.

"நேத்துக் காலைல போனவர் மேடம். ஊசி மட்டும் போட்டுக்கிட்டார், சாப்பிடல. 'ஒரு விஷயம் கேட்டுட்டு வந்துடறேன்'னு செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார். போன் வீட்ல சார்ஜ்லயே கிடக்கு. நேத்து ராத்திரி ஊசி தப்பிடுச்சு. இன்னிக்குக் காலைலயும் தப்பிடுச்சு. இன்னும் நேரம் போச்சுன்னா..."



அவள் அப்பாவை அண்ணிக்குத் தெரியும். நேரில் இல்லை, பக்கத்தில். வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் 'முடிச்சு' என்ற பெயரில் புதிர் போடுகிறவர். ஊரில் பாதிப் பேர் அவரைத் திட்டிக்கொண்டே பத்திரிகையைப் பின்னாலிருந்து பிரிக்கிறவர்கள்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"ஞாயித்துக்கிழமை புதிர்ப் போட்டியோட இறுதிச் சுற்று. விடையெல்லாம் அப்பா மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்கு. போன வருஷம் ஜெயிச்ச சாம்பியன் ஒருத்தர் இருக்கார். போன மாசம் வீட்டு வாசல்ல வந்து நின்னு அப்பாகூடச் சண்டை போட்டார். அவராத்தான் இருக்கணும்."

"அந்த போன்?"

"இன்னிக்குக் காலைல ஒரு பொம்பளை பத்திரிகைக்குப் பேசி அடுத்த வாரப் புதிரைச் சொல்லியிருக்கா. அப்பாவைத் தேடிப் போனப்ப பக்க ஆசிரியர் சொன்னார். அப்பா தன் புதிரை இன்னொருத்தர் வாயால சொல்ல விடமாட்டார் மேடம். யாரோ மிரட்டிச் சொல்ல வச்சிருக்காங்க."

எழுதிக்கொண்டு வந்த சீட்டை அவள் நீட்டினாள். அண்ணி சத்தமாகப் படித்தாள்.

"ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள். மூவரின் வயதையும் கூட்டினால் வருவதும் பெருக்கினால் வருவதும் ஒரே எண். வயதெல்லாம் முழு எண்கள், பின்னம் கிடையாது. மூவருக்கும் வயது வேறு வேறு. அப்படியானால் வயது என்ன?"

பம்பரம் விரலை மடக்கினான். பள்ளியில் கணக்கில் தேறுவதற்கே மூன்று தரம் படையெடுத்தவன். ஆனால் இது அவனுக்கே அகப்பட்டது.

"ஒன்னு, ரெண்டு, மூணு. கூட்டினாலும் ஆறு, பெருக்கினாலும் ஆறு. அண்ணி, நானும் சாம்பியன்."

"இதே புதிர் போன மாசம் வந்துடுச்சு," என்றாள் அந்தப் பெண். "அப்பா ஒரு தடவை போட்டதைத் திரும்பப் போட்டதே இல்ல. இதுல வயசு வேற வேறன்னு வர்ற வரி மட்டும்தான் புதுசு."

அண்ணி சீட்டை மேஜைமேல் வைத்து அந்த வரியின்மீது விரலை ஊன்றினாள்.

"இந்த வரி இல்லாமலே ஒன்னு, ரெண்டு, மூணு வந்துடுதே. அப்புறம் இது எதுக்கு?"

"அழகுக்கு," என்றான் பம்பரம்.

"புதிர் போடறவங்க அழகுக்கு ஒரு வார்த்தைகூட வைக்க மாட்டாங்க. ஏதோ ஒன்னு உள்ள வந்துடக் கூடாதுன்னு போட்ட பூட்டு இது." அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "இந்தக் கணக்குக்கு இன்னொரு விடை இருக்கு. போன மாசம் அது அவருக்குத் தெரியாது. இப்ப தெரியும். நடுவுல யாரோ சொல்லியிருக்காங்க. அவங்களைப் பிடிச்சா அவரைப் பிடிச்ச மாதிரி. வண்டியை எடு."

படியில் இறங்கும்போதே பம்பரம் கேட்டான்: "அந்த இன்னொரு விடை என்ன அண்ணி?"

"உனக்குத் தெரிய வேண்டாம். உன் மூஞ்சி எல்லாத்தையும் ஒப்பிச்சுடும். போற இடத்துல யார்கிட்டயும் எங்க இருந்தே, எப்ப போனேன்னு கேக்காதே. இந்தப் புதிரை மட்டும் கேளு. ரெண்டாவது விடை யார் வாயில வருதோ அவங்கதான் நம்ம ஆளு."

---

பத்திரிகை அலுவலகத்தில் அன்று பக்கம் முடிக்கிற நாள். நாலு போன் ஒரே சமயத்தில் அடித்தது, ஒருவரும் எடுக்கவில்லை. பக்க ஆசிரியர் காதில் ஒரு பேனா, வாயில் ஒரு பேனா வைத்துக்கொண்டு மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தார்.

"முடிச்சு சார் ஊர்ல இல்லபோலன்னு நெனச்சேன். அந்தம்மா 'எழுதிக்குங்க'ன்னுச்சு, எழுதிக்கிட்டேன். ஒரு வரிகூட விடக் கூடாதுன்னு ரெண்டு தடவை சொல்லுச்சு. குரலா? நல்ல அதிகாரமான குரல். என் மாமியார் மாதிரி."

"பயந்த மாதிரி இல்லையா?"

"நான்தான் பயந்தேன்."

பம்பரத்துக்குச் சிரிப்பு வந்தது. அண்ணிக்கு வரவில்லை. "புதிருக்கு விடை என்ன சார்?" என்றாள்.

"ஒன்னு, ரெண்டு, மூணு. போன மாசமே போட்டாச்சே."

"வேற விடை?"

"வேறயா?" அவர் வாயிலிருந்த பேனா கீழே விழுந்தது. "முடிச்சு சார் பக்கத்துலயா? அம்மா, அவர் புதிருக்கு விடை ஒன்னுதான் இருக்கும். ரெண்டு விடை வர்ற புதிர் ரெண்டு கதவு வச்ச பூட்டுப் பெட்டி மாதிரின்னு சொல்லுவார். என்னிக்காவது அப்படி ஒன்னு தன் பேர்ல வந்தா அன்னிக்கோட தன் கதை முடிஞ்சுதுன்னுவார்."

அந்தப் பெண் குளிர்பையின் வாரைக் கையில் சுற்றி இறுக்கினாள். பம்பரம் அதைப் பார்த்தான். பயம் என்று நினைத்துக்கொண்டான்.

"கடைசியா எப்ப வந்தார்?"

"முந்தாநாள். வாசகர் கடிதக் கட்டை வாங்கிக்கிட்டு இந்த நாற்காலியில உக்காந்து படிச்சார். பாதியிலயே எழுந்துட்டார். போயிட்டு வரேன்னுகூடச் சொல்லல. தண்ணி கேட்டிருந்தார், கொண்டு வந்து பாக்கறேன், ஆள் இல்ல."

"ஏதாவது கடிதத்தை எடுத்துக்கிட்டாரா?"

"ஒரு அட்டையைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டார். யார் எழுதினதுன்னு நான் பாக்கல."

---

சாம்பியன் தொழிலால் லிஃப்ட் மெக்கானிக். ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்டின் தலைமேல் குந்தியிருந்தார். திறந்த கதவு வழியாக அண்ணி கழுத்தை நீட்டினாள். மேலே கம்பிகள், கீழே இருட்டு, கிரீஸ் வாடை.

"முடிச்சைக் காணோமா?" கீழிருந்து அவர் குரல் குழாய்க்குள் பேசுவதுபோல் எழும்பியது. "ஞாயித்துக்கிழமை போட்டி என்னாகும்?"

"அவர் என்னாவார்னு கேக்க மாட்டீங்களா?" என்றான் பம்பரம்.

"அவருக்கு என்னப்பா, இரும்பு மண்டை."

"அவர் வீட்டு வாசல்ல போய்ச் சண்டை போட்டீங்களாமே."

"போட்டேன். மனுஷன் வர வரப் புதிரைத் தண்ணியாப் போடறார். மூணு பிள்ளைங்க வயசாம், கூட்டினாலும் பெருக்கினாலும் ஒன்னாம். ஒன்னு, ரெண்டு, மூணு. லிஃப்ட் பட்டனே வரிசையா அதைத்தானே சொல்லுது. இதைப் போட்டா என்னை மாதிரி ஆளுங்களுக்கு எவ்வளவு அவமானம்? அதைத்தான் கேட்டேன்."

"அதுக்கு இன்னொரு விடை இருக்கு," என்றாள் அண்ணி.

ஸ்பேனர் சுழலுவது நின்றது. பிறகு ஸ்பேனர் கை நழுவி எங்கெங்கோ முட்டி, நெடுநேரம் கழித்து அடியில் போய் விழுந்தது.

"இருக்கவே முடியாது," என்றார் சாம்பியன். ஆனால் குரலில் இரும்பு போய்விட்டிருந்தது. "நாலு, அஞ்செல்லாம் வச்சுப் பார்த்தா பெருக்கல் ஓடிடும். ஒன்னு ஒன்னுன்னு வச்சா கூட்டல் ஓடிடும். என்ன விடை? அம்மா, போகாதீங்க, சொல்லிட்டுப் போங்க."

அண்ணி போய்விட்டாள். அவர் கூப்பிடுவது படிக்கட்டு முழுக்கக் கூடவே இறங்கி வந்தது.

"இவர் இல்ல," என்றான் பம்பரம். "இவர் இன்னிக்குத் தூங்கவும் மாட்டார். பாவம், அந்தக் கட்டடத்துக்காரங்க மாடி ஏறியே சாகப் போறாங்க."

---

சிக்னலில் வண்டி நின்றது. பம்பரம் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான், நிறுத்தினான், மறுபடி போட்டான். பின்சீட்டில் அந்தப் பெண் குளிர்பையின் ஜிப்பைத் திறந்து ஐஸ் கட்டி உருகிவிட்டதா என்று தொட்டுப் பார்த்தாள். அலுவலகத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து எத்தனையோ முறை தொட்டுவிட்டாள்.

"பூஜ்யம்," என்றாள் அண்ணி.

"என்ன பூஜ்யம்?"

"மூணு பூஜ்யம். கூட்டினாலும் பூஜ்யம், பெருக்கினாலும் பூஜ்யம்."

பம்பரம் யோசித்தான். "யாருக்காவது பூஜ்யம் வயசு இருக்குமா? எங்க பெரியம்மா வயசைக் குறைச்சுக்கிட்டே வர்றாங்க, அவங்களே இன்னும் நாப்பதைத் தாண்டி இறங்கல."

"இன்னிக்குப் பிறந்த குழந்தைக்கு என்ன வயசு?"

சிக்னல் விழுந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். அவன் வண்டியை நகர்த்தவில்லை.

"ஒரே நாள்ல மூணு குழந்தைங்க," என்றாள் அண்ணி. "கணக்கு தெரிஞ்ச யாருக்கும் அது சட்டுனு தோணாது. பக்க ஆசிரியருக்குத் தோணல. சாம்பியனுக்குத் தோணல. மூணு பூஜ்யத்தைப் பாத்தா எண்ணாத் தெரியாம பிள்ளைங்களாத் தெரியற யாருக்கோதான் தோணும்." அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "எல்லார்கிட்டயும் கேட்டுட்டோம். உன்கிட்ட மட்டும் கேக்கலையேம்மா. இந்தப் புதிருக்கு எத்தனை விடை?"

ஜிப் மூடுகிற சத்தம் பாதியில் நின்றது.

"ரெண்டு," என்றாள் அந்தப் பெண்.

பம்பரம் வண்டியை ஓரம் கட்டினான்.

"அட்டையை எழுதினது நான்தான். பேர் போடல. இடது கையால எழுதினேன்." அழுவாள் என்று பம்பரம் எதிர்பார்த்தான். அவள் அழவில்லை, லென்ஸின் நம்பரைச் சொல்கிற குரலில் சொன்னாள். "நாங்க மூணு பேராப் பிறந்தோம் மேடம். மறுநாள் நான் மட்டும் இருந்தேன். அம்மா போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை சொன்னாங்க. அப்பா சொன்னதே இல்ல. நான் கேட்டதும் இல்ல. புதிரைப் படிச்சப்ப எனக்கு முதல்ல வந்த விடையே அதுதான். மூணு பிள்ளைங்க, மூணு பூஜ்யம். இதைப் போட்ட மனுஷனுக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு இருந்துச்சு. நேர்ல கேக்க வாய் வரல. அதான் வாசகர் மாதிரி எழுதினேன்."

"எங்ககிட்ட ஏம்மா சொல்லல?"

"யாராவது கடத்தியிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு."

அண்ணி இப்போதுதான் பின்சீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"இங்க பாரு. உயிரை விடப் போற மனுஷன் ஆள் வச்சுப் போன் பண்ணிக் கணக்கைத் திருத்த மாட்டார். காலைல அவர் இருந்திருக்கார், தெளிவா இருந்திருக்கார். பூஜ்யம் ஒரு வயசான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கப் போனவர். அதை எங்க போய்க் கேப்பார்? நீங்க எங்க பிறந்தீங்க?"

"பழைய தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. இன்னும் இருக்கு."

பம்பரம் எதிர்த்திசையில் வண்டியைத் திருப்பினான். அங்கே திருப்பக் கூடாது என்ற பலகையின் கீழேயே திருப்பினான்.

---

தலைமை நர்ஸின் குரலைக் கேட்டதும் பக்க ஆசிரியரின் மாமியார் பம்பரத்துக்கு நினைவு வந்தது.

"அவர் வீட்டு ஆளுங்களா? வாங்க வாங்க. நேத்திலிருந்து உங்க போன் நம்பரோட மாரடிச்சுக்கிட்டு இருக்கோம்." அவர் வேகமாக நடந்துகொண்டே பேசினார். "நேத்து வந்து நின்னு, 'பிறந்த அன்னிக்கே போன பிள்ளைக்கு வயசு என்னன்னு எழுதுவீங்க'ன்னு கேட்டார். பூஜ்யம்னேன். அப்படியே பெஞ்சுல சாஞ்சுட்டார். ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம வந்திருக்கார், சர்க்கரை இறங்கிப்போச்சு. குளுக்கோஸ் ஏத்தினோம். ராத்திரியும் காலைலயும் இன்சுலின் பார்த்துக் கொடுத்துட்டோம். பயப்படாதே பொண்ணே, நல்லா இருக்கார்."

அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டாள். பிறகு மறுபடி நடந்தாள்.

"பிரசவ வார்டுலயா சேத்தீங்க?" என்றான் பம்பரம். "என்ன குழந்தை?"

"டாக்டர் ஓய்வெடுக்கிற அறையில. வாயைப் பாரு." நர்ஸ் அவனை மேலும் கீழும் அளந்தார். "வீட்டு நம்பர் கேட்டா அந்த மனுஷன் நம்பரையா சொன்னார்? முதல் இலக்கம் கடைசி இலக்கத்துல பாதி, நடு ரெண்டையும் கூட்டினா ஒன்பதுன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டார். ராத்திரி டியூட்டியில இருந்த பொண்ணுங்க எல்லாரும் உக்காந்து எட்டு இலக்கம் கண்டுபிடிச்சுட்டாங்க. ரெண்டு பாக்கி. காலைல பத்திரிகைக்குப் பேசச் சொன்னார், பேசினேன். அவங்க வீட்டுக்குச் சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன்."

"மயக்கத்துலயா நம்பரை அப்படிச் சொன்னார்?" என்றாள் அண்ணி.

"நல்லாத் தெளிஞ்சப்புறம்."

அண்ணி பம்பரத்தின் காதருகே தாழ்ந்த குரலில் சொன்னாள்: "தெரியவே வேண்டாம்னா தப்பு நம்பர் கொடுத்திருப்பார். தெரியணும், ஆனா மெதுவாத் தெரியணும்னு இருந்திருக்கார்."

அறையில் ஒல்லியான ஒரு மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கட்டிலுக்கு அடியில் செருப்பு ஜோடியாக இருந்தது. பக்கத்து அறையில் ஒரு குழந்தை அழுதது. அது ஓய்ந்ததும் இன்னொன்று தொடங்கியது.

பெண் குளிர்பையை மேஜைமேல் வைத்தாள். "ஊசி போட்டாங்களாப்பா?"

"போட்டாங்க." அவர் திரும்பவில்லை.

"சாப்பிட்டீங்களா?"

"கொடுத்தாங்க."

அண்ணியும் பம்பரமும் வாசலிலேயே நின்றார்கள். உள்ளே போவதா, வெளியே போவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அந்த அட்டை..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"தெரியும்."

"பேர் போடலையே."

"அந்த விடை தெரிஞ்சவங்க இந்த உலகத்துல ரெண்டே பேர். நான் எழுதல."

"அப்ப எதுக்குப்பா அந்தப் புது வரி? மூவருக்கும் வயசு வேற வேறன்னு. மறுபடியும் அவங்களை வெளில தள்ளிக் கதவைச் சாத்திட்டீங்களே."

"புதிருக்கு ஒரு விடைதான் இருக்கணும்."

"யார் சொன்னா?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். எழுந்தவர் அவளைப் பார்க்காமல் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"இதே ஆஸ்பத்திரிதான். மறுநாள் டாக்டர் வந்து கேட்டார், எத்தனை பிள்ளைங்கன்னு எழுதிக்கறதுன்னு. ஒன்னுன்னு சொன்னேன். உங்கம்மா கண்ணைத் திறந்துகிட்டுப் படுத்திருந்தா. அதுக்கப்புறம் அவ என்கிட்ட அதைப் பத்திப் பேசவே இல்ல. நானும் எடுக்கல. எடுக்காம எடுக்காம..." அவர் கையை மூடிக்கொண்டார். "கணக்குல பூஜ்யத்தை மறந்துட்டேன்னு நீ நெனச்சிருப்பே. மறக்கல. பாக்கவே இல்ல. அந்தப் பக்கம் கண்ணு போகாது."

பக்கத்து அறையில் அழுகை நின்றது. அவர் வாசல் பக்கம் கை நீட்டினார். "தம்பி, உங்க போனைக் கொஞ்சம் கொடுங்க."

பம்பரம் கொடுத்தான். அவர் நம்பரை ஒரே மூச்சில் அழுத்தினார்.

"நான்தான்யா. காலைல சொன்ன புதிர்ல 'வயது வேறு வேறு'ன்னு ஒரு வரி வருதுல்ல, அதை எடுத்துடு... ஆமா, ரெண்டு விடை வரும்... தெரிஞ்சுதான் சொல்றேன். ரெண்டும் சரின்னு போடு... அச்சுக்குப் போயிட்டா என்ன, நிறுத்து. என் பக்கம்யா அது."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். அண்ணி பம்பரத்தின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். கதவைப் பாதி சாத்தினாள்.

மீதிப் பாதி வழியாக அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"அப்பா, மூணு பேர்ல நான் எத்தனாவது?"

"மூணாவது."

"அவங்க?"

"முதல்ல ஒரு பையன். உனக்கு அண்ணன். கொஞ்ச நேரம் கழிச்சு அக்கா. நீ வர்றதுக்குத்தான் ரொம்ப நேரம் ஆக்கினே, வெளில நான் நின்னுக்கிட்டே இருந்தேன்."

நாற்காலி ஒன்று தரையில் உரசிக் கட்டிலருகே போகும் சத்தம்.

"அண்ணன் எப்படி இருந்தான்?" என்று கேட்டாள் அவள். "சொல்லுங்க."